நைலும் வனவிலங்குகளும் ஒரே பயணத்தில்: முர்ச்சிசன் அருவிப் பூங்காவுக்கு எத்தனை நாள் வேண்டும்?

கேள்வி: கம்பாலாவில் பணிபுரியும் மகனைப் பார்க்க ஜனவரியில் உகாண்டா செல்கிறோம். எனக்கு வயது 61, கணவருக்கு 66. முர்ச்சிசன் அருவி தேசியப் பூங்காவில் விலங்குகளையும் நைல் நதியையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்ப இயலுமா? அதிகம் நடக்க எங்களால் முடியாது.

பதில்: ஒரே நாளில் இயலாது. கம்பாலாவிலிருந்து பூங்கா ஏறத்தாழ 300 கிலோமீட்டர்; போவதற்கே ஐந்தாறு மணி நேரம் ஆகிவிடும். இரண்டு இரவுகள் தங்குவதாகத் திட்டமிடுங்கள். நுழைவுச் சீட்டு 24 மணி நேரத்துக்கே செல்லுபடியாகும் என்பதால், உள்ளே நுழையும் நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொண்டால் கூடுதலாக ஒரு நாள் கட்டணம் செலுத்த நேராது. ஜனவரி வறண்ட பருவம். புல் தாழ்ந்து, விலங்குகள் நீரைத் தேடி ஆற்றோரம் வரும் காலம் என்பதால் மாதத் தேர்வில் குறையில்லை.

முதல் நாள் மசிண்டி வழியாகச் சென்றால், தென்கரையில் அருவியின் உச்சி வரை வாகனத்திலேயே போகலாம். நைல் நதியின் இந்தப் பகுதியான விக்டோரியா நைல் முழுவதும், சுமார் ஏழு மீட்டர் அகலமே உள்ள பாறை இடுக்கில் நெருக்குண்டு, ஏறக்குறைய 43 மீட்டர் கீழே விழும் இடம் அது. பலர் படகில் வந்து, அடிவாரத்தில் இறங்கி உச்சிக்கு ஏறுவார்கள். அந்தப் பாதை செங்குத்தானது, வெயிலும் கடுமை. உங்களுக்கு அது வேண்டாம்.

மறுநாள் விடியலிலேயே வடகரைக்குச் சென்றுவிடுங்கள். முன்பு ஆற்றைக் கடக்க மிதவைக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது பூங்காவுக்குள் ஆற்றைக் கடக்கும் இடமான பாராவில் பாலம் இருக்கிறது. விக்டோரியா நைலுக்கும் ஆல்பர்ட் நைலுக்கும் இடைப்பட்ட புலிகி புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கி, யானை, காட்டெருமை, உகாண்டா கோப் மான் ஆகியவற்றைப் பெரும்பாலும் காணலாம். சிங்கம் அன்றைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. வரிக்குதிரை இந்தப் பூங்காவில் இல்லை. காண்டாமிருகம் பார்க்க விரும்பினால், கம்பாலா–குலு சாலையையொட்டிய ஜீவா சரணாலயத்தில் திரும்பும் வழியில் நிற்கலாம். ஆனால் அங்கே வழிகாட்டியுடன் நடந்துதான் செல்ல வேண்டும். எவ்வளவு தூரம் நடக்க நேரும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

படகுப் பயணத்தைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாராவிலிருந்து படகு ஆற்றை எதிர்த்துக் கிழக்கே செல்கிறது; அந்நேரத்தில் கதிரவன் உங்கள் முதுகுக்குப் பின்னே இருப்பதால், எதிரே அருவி ஒளியில் துலங்கும். போகும்போது இடப்பக்க இருக்கையைப் பிடியுங்கள்: வடகரை அந்தப் பக்கம்தான் வரும், நீர் அருந்த வரும் யானைகளும் பெரும்பாலும் அங்கேதான் தென்படும். நீர்யானைக் கூட்டங்களையும் மணல்திட்டுகளில் வாய் பிளந்து கிடக்கும் நைல் முதலைகளையும் தேட வேண்டியதே இல்லை. போய்த் திரும்ப ஏறத்தாழ மூன்று மணி நேரம். நடை சிறிதும் இல்லாத இந்தப் பயணமே உங்களுக்கு மிகவும் பொருந்தும் என்பது என் கருத்து.

கடித்து இரத்தம் உறிஞ்சும் செட்சி ஈக்கள் கருநீலத்தையும் கறுப்பையும் நாடி வரும். ஆகவே வெளிர் நிறத்தில் முழுக்கை உடைகளை எடுத்துச் செல்லுங்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரை பற்றி மருத்துவரிடம் பேசும்போதே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். உகாண்டாவுக்குள் நுழைய அந்தச் சான்றிதழ் தேவை. ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழிந்த பின்னரே அது செல்லுபடியாகும். அறுபது வயதைக் கடந்தவர்கள் முதன்முறையாகப் போட்டுக்கொள்ளும்போது அரிதாகக் கடுமையான பக்கவிளைவுகள் நேரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதால், உங்கள் இருவரின் உடல்நிலையை மருத்துவர் ஆராய்ந்து முடிவு சொல்லும் வரை பயணச்சீட்டு வாங்காதீர்கள். சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்புவோரை ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி உண்டு என்பதால், திரும்பும்போதும் அது கைப்பையிலேயே இருக்கட்டும்.