குறுந்தகட்டின் உள்வளையத்தைப் பாருங்கள்

வணக்கம். உங்கள் இசைத் தொகுப்பின் திருட்டுப் பிரதிகள் ஆலையில் அச்சானவையா, கணினியில் பதியப்பட்டவையா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் உழைப்பு இப்படிக் களவாடப்படுவது வேதனையளிக்கிறது. ஒரு குறுந்தகட்டை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்து, நடுத்துளையைச் சுற்றியுள்ள வளையத்தைப் பாருங்கள்: தகடு எந்த ஆலையில் உருவானது எனக் காட்ட 1994இல் அறிமுகமான மூலக் குறியீட்டு முறையைப் பின்பற்றும் ஆலையாயின், ‘ஐஎஃப்பிஐ’ (பன்னாட்டு இசைப்பதிவுத் துறைக் கூட்டமைப்பின் சுருக்கப்பெயர்) என்ற எழுத்துகளுடன் மூலத்தகட்டையும் வார்ப்பச்சையும் அடையாளம் காட்டும் குறியீடுகள் மிகச் சிறிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். கணினியில் பதிவதற்கான வெற்றுத் தகடுகளிலும் வார்ப்பச்சுக் குறியீடு இருக்கலாம் என்பதால், அடிப்பக்கத்தின் நிறத்தையும் கவனியுங்கள். ஊதாவோ பச்சையோ கலந்திருந்தால் பெரும்பாலும் கணினிப் பதிவுதான். மலேசியா 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஆலைகளுக்கு உரிமத்தையும் உற்பத்தியாளர் குறியீட்டையும் கட்டாயமாக்கியது. விற்றவரோடு நில்லாமல் அச்சிட்டவரையும் தேட இத்தகைய ஒழுங்குமுறையே வழி. குறியீடு சுரண்டப்பட்டிருந்தால் அதையும் படமெடுத்துப் புகாருடன் இணையுங்கள்.