நண்பர்களோடு பாங்காக்: பர்ஸ் எங்கே ஓட்டையாகிறது?

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் ஐந்து நாள் பயணமாக பாங்காக் போகிறோம். காவோ சான் சாலைப் பக்கம் அறை வாடகை மிகக் குறைவாக இருக்கிறது. பதிவு செய்துவிடலாமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: இரவு முழுக்கக் கொண்டாட்டம்தான் நோக்கம் என்றால் செய்யுங்கள். ஊர் சுற்றத்தான் போகிறீர்கள் என்றால் வேண்டாம். பி.டி.எஸ். என்கிற மேம்பால ரயில் அந்தப் பகுதிக்கு வருவதில்லை. எம்.ஆர்.டி. சுரங்க ரயில் நிலையமும் நடக்கிற தூரத்தில் இல்லை. எங்கே போக வேண்டுமானாலும் டாக்சி, டுக் டுக் (அந்த ஊர் ஆட்டோ), பஸ் என்று ஆகிவிடும். பாங்காக் டாக்சி மீட்டர் நெரிசலில் நிற்கும் நேரத்துக்கும் ஓடும் என்பதால், வாடகையில் மிச்சம் பிடித்தது இரண்டே நாளில் சாலையில் கரைந்துவிடும்.

பயா தாய், ராட்சதேவி, ஓன் நுட் ஆகிய நிலையங்களைச் சுற்றிப் பாருங்கள். பயா தாயில் விமான நிலைய ரயிலும் பி.டி.எஸ்.ஸும் சந்திக்கின்றன. ஓன் நுட் மையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி இருப்பதால் வாடகை இறங்கும், ஆனால் ரயில் வாசலிலேயே நிற்கும். விடுதி விளம்பரத்தில் 'நிலையத்துக்கு அருகில்' என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். வரைபடத்தில் நிலைய வாசலிலிருந்து நடக்கும் தூரத்தை நீங்களே அளந்து, 500 மீட்டருக்குள் இருந்தால் மட்டும் எடுங்கள். அந்த வெயிலில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் அடுத்த நாள் யாரும் நடக்க மாட்டார்கள், டாக்சிதான் கூப்பிடுவார்கள்.

இன்னொரு கணக்கு: நான்கு டார்மிட்டரி படுக்கைகளின் மொத்த விலையையும், இரட்டைப் படுக்கை அறை இரண்டின் விலையையும் வரி சேர்த்து ஒப்பிடுங்கள். நான்கு பேராகப் போகும்போது அறை பல நேரம் அதே விலைக்கு வரும், சில நாட்களில் குறையவும் செய்யும். சாவிக்கு ரொக்க முன்பணம் கேட்கும் விடுதிகள் உண்டு. காலி செய்யும்போது திரும்பக் கிடைத்துவிடும், ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: சுவர்ணபூமி விமான நிலையத்தில் விடியற்காலை இறங்குகிறோம். ரயிலா, டாக்சியா?
- வாசகி, கோவை

பதில்: எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. விமான நிலைய ரயிலில் பயா தாய் வரை ஒருவருக்கு 45 பாட் (தாய்லாந்து நாணயம்), சுமார் அரை மணி நேரம். ஒருவர் இருவராக வந்தால் யோசிக்கவே வேண்டாம், ரயில்தான். நால்வருக்கு 180 பாட் ஆகிவிடும், அதற்கு மேல் பி.டி.எஸ். மாறினால் தனி டிக்கெட். டாக்சியில் மீட்டர் சுமார் 250 முதல் 350 பாட், விமான நிலையக் கூடுதல் கட்டணம் 50, விரைவுச் சாலையில் போனால் சுங்கம் உங்கள் பொறுப்பு. ஆக தலைக்கு 100 பாட் சுற்றி வரும். விடுதி ரயில் நிலையத்தை ஒட்டி இருந்தால் ரயில், இல்லையென்றால் டாக்சி. ஆளுக்கொரு பெரிய பெட்டி இருந்தால் நால்வர் சாதாரண காரில் அடங்க மாட்டீர்கள், பெரிய வண்டி வரிசை தனியாக இருக்கிறது.

டாக்சி எடுக்கும் முறை இதுதான்: வருகைக் கூடத்தில் கூவி அழைப்பவர்களைத் தாண்டி, முதல் தளத்துக்கு இறங்குங்கள். வாசலுக்கு வெளியே உள்ள இயந்திரத்தில் ஒரு சீட்டு வரும், அதில் வரிசை எண் இருக்கும். அந்த எண்ணுள்ள இடத்தில் உங்கள் வண்டி நிற்கும். சீட்டை ஓட்டுநரிடம் கொடுத்துவிடாதீர்கள். பை மறந்து போனாலும், தகராறு வந்தாலும் அந்தச் சீட்டுதான் பிடிமானம். ஏறியதும் மீட்டர் 35 பாட் என்று தொடங்குகிறதா பாருங்கள். 'மீட்டர் வேண்டாம், 600 பாட்' என்று பேரம் தொடங்கினால் இறங்கி வேறு சீட்டு எடுங்கள்.

விடுதியில் அறை பெரும்பாலும் பகல் 2 மணிக்குத்தான் தருவார்கள். பெட்டியை அங்கே வைத்துவிட்டு வெளியே கிளம்பும்படி முதல் நாளைத் திட்டமிடுங்கள். குளிக்க வசதி உண்டா என்று முன்பே எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: ரூபாயாகக் கொண்டுபோவதா, டாலரா, கார்டா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
- வாசகர், ஈரோடு

பதில்: பயணத்தில் சத்தமே இல்லாமல் பணம் போகும் இடம் இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறோம்.

ரொக்கத்துக்கு டாலர் நல்லது, அதுவும் 100 டாலர் தாள்கள். பாங்காக் மாற்றுக் கடைகளில் 100 டாலர் தாளுக்கு ஒரு விலை, சிறிய தாள்களுக்கு அதைவிடக் குறைந்த விலை என்று பலகையிலேயே தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். கிழிசல், பேனாக் கிறுக்கல், முத்திரை உள்ள தாளை வாங்க மறுப்பார்கள். ஊரில் வாங்கும்போதே ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். ரூபாயையும் மாற்றலாம், விலைதான் அவ்வளவு நன்றாக இருக்காது. இந்தியாவிலிருந்து ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக எடுத்துச் செல்லக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

சுவர்ணபூமியில் பெட்டி எடுத்து வெளியே வந்ததும் கண்ணில் படும் வங்கிக் கவுன்டர்களில் மாற்றாதீர்கள். விமான நிலைய ரயில் புறப்படும் அடித்தளத்துக்கு இறங்கினால் தனியார் மாற்றுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அங்கே விலை கூடுதலாகக் கிடைக்கும். அசல் பாஸ்போர்ட் கேட்பார்கள்.

வெளிநாட்டு கார்டுக்குத் தாய்லாந்து ஏ.டி.எம். ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கும் மேல் பிடிக்கும். எடுப்பது 1,000 பாட் ஆனாலும் 10,000 ஆனாலும் அதே பிடித்தம்தான். நால்வரும் தனித்தனியாகப் போய் 2,000 எடுத்தால் 880 பாட் வீண். ஒருவர் மொத்தமாக எடுத்துப் பிரித்துக் கொடுக்கலாம். கடைசியில் திரையில் ஒரு கேள்வி வரும்: ரூபாயில் கணக்கிட்டு இவ்வளவு என்று காட்டி, 'கன்வெர்ஷனோடு தொடரவா, கன்வெர்ஷன் இல்லாமலா' என்று. ரூபாயில் தெரிவதால் பலர் முதல் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். அந்த விலையை நிர்ணயிப்பது அந்த இயந்திரத்தின் வங்கி, உங்கள் வங்கி அல்ல. எப்போதும் 'வித்தவுட் கன்வெர்ஷன்'. கடையில் கார்டு தேய்க்கும்போதும் ரூபாயில் அல்ல, பாட் கணக்கிலேயே போடச் சொல்லுங்கள்.

நண்பர்களுக்குள்: முதல் நாளே ஆளுக்கு ஒரே தொகை போட்டு ஒரு பொதுப் பர்ஸ் வையுங்கள். டாக்சி, தண்ணீர், படகு, சேர்ந்து சாப்பிடுவது எல்லாம் அதிலிருந்து. மது, ஷாப்பிங், மசாஜ் அவரவர் கை. இந்தப் பிரிவினையைக் கிளம்புவதற்கு முன்பே பேசுங்கள். குடிக்காதவர் பங்கிலிருந்து பீருக்குப் பணம் போனால் மூன்றாம் நாள் முகம் தூக்கல் நிச்சயம்.

கேள்வி: குடியேற்றப் பிரிவில் என்னென்ன கேட்பார்கள்?
- வாசகர், சேலம்

பதில்: ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட், திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு. விசா இல்லாமல் நுழைவோரிடம் ஆளுக்கு 20,000 பாட்டுக்கு ஈடான பணம் இருக்கிறதா என்று கேட்க அதிகாரிக்கு உரிமை உண்டு. 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல. இந்தியர்களுக்கு 2024 ஜூலையில் 60 நாள் விசா விலக்கு அறிவிக்கப்பட்டது. இந்த விதி மாறக்கூடியது, டிக்கெட் எடுக்கும் முன் தாய்லாந்துத் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்களில் இருவர் சுத்த சைவம். சமாளிக்க முடியுமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: முடியும், ஆனால் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது. காய்கறி வதக்கலில் சிப்பி சாஸ், பப்பாளி சாலட்டில் மீன் சாஸும் காய்ந்த இறாலும், பாட் தாய் நூடுல்ஸில் மீன் சாஸ் என்று கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்திருக்கும். மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்துள்ள கொடியைத் தேடுங்கள், அது 'ஜே' உணவுக் கடை. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது, பூண்டு வெங்காயம்கூட சேர்க்க மாட்டார்கள். மாம்பழத்தோடு தரும் தேங்காய்ப்பால் ஒட்டரிசியைத் தயங்காமல் சாப்பிடலாம். சோறும் சப்பாத்தியும் இல்லாமல் ஆகாது என்றால் இந்தியக் கடைகள் நிறைந்த பாஹுரட் பகுதி இருக்கிறது, எம்.ஆர்.டி. சாம் யோட் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். சீலோம் சாலையில் தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மாரியம்மன் கோயிலையும் பார்த்துவிட்டு வாருங்கள். வழிபட வருவோரில் தாய்லாந்துக்காரர்களே நிறைய.

கேள்வி: அரண்மனை, வாட் போ கோயில், வாட் அருண் கோயில் மூன்றையும் ஒரே நாளில் பார்க்க வழி?
- வாசகர், மதுரை

பதில்: பி.டி.எஸ். சபான் தக்சின் நிலையத்தில் இறங்கினால் கீழேயே சாதோர்ன் படகுத் துறை. அங்கே நீலக் கொடிச் சுற்றுலாப் படகுக்குக் கூவி அழைப்பார்கள். நீங்கள் ஏற வேண்டியது ஊர்க்காரர்கள் போகும் ஆரஞ்சுக் கொடிப் படகு, கட்டணம் அதன் பாதி அளவுதான். தா சாங் துறையில் இறங்கி, 8.30க்குத் திறக்கும்போதே அரண்மனைக்குள் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் குழுக்குழுவாக வந்து நிரம்பிவிடும். நுழைவு 500 பாட். முழங்கால் தெரியும் அரைக்கால் சட்டை, கையில்லாத மேலாடைக்கு அனுமதி இல்லை.

மரகத புத்தர் சன்னிதியோடு திரும்பிவிடாதீர்கள். அந்த வளாகத்தைச் சுற்றியுள்ள பிராகாரச் சுவரில் 178 பகுதிகளாக ராமாயணம் தீட்டியிருக்கிறார்கள். இலங்கைக்குப் பாலம் கட்டும் இடத்தில் நின்று நிதானமாகப் பாருங்கள். கதை தெரிந்த நமக்கு அங்கே வழிகாட்டியே தேவையில்லை.

வெளியே 'இன்று அரண்மனை மூடல், 20 பாட்டுக்கு வேறு கோயில்கள் காட்டுகிறேன்' என்று டுக் டுக்காரர் சொன்னால் பதில் சொல்லாமல் நடங்கள். அந்தச் சவாரி நகைக் கடையிலோ தையல் கடையிலோ போய் நிற்கும். அங்கே ஆள் கொண்டுவருவதற்கு அவருக்குக் கமிஷன்.

அரண்மனையிலிருந்து வாட் போ நடக்கிற தூரம், 300 பாட். 46 மீட்டர் நீளச் சயன புத்தர் அங்கேதான். மதியத்துக்குப் பிறகு தா தியன் துறையில் அக்கரைப் படகு ஏறினால் சில பாட் செலவில் வாட் அருண், நுழைவு 200. இரவு விடுதிக்குத் திரும்புவதற்கு ஆரஞ்சுக் கொடிப் படகை நம்ப வேண்டாம். அதே அக்கரைப் படகில் இக்கரைக்கு வந்து வாட் போ அருகிலுள்ள சனாம் சாய் நிலையத்தில் எம்.ஆர்.டி. பிடியுங்கள். காண்டாக்ட்லெஸ் கார்டைத் தட்டியே நுழையலாம், ஆனால் ஒரு கார்டுக்கு ஒருவர்தான். கார்டு இல்லாதவர் டோக்கன் எடுக்க வேண்டும்.

கேள்வி: இ-சிகரெட் கொண்டுபோகலாமா?
- வாசகர், சென்னை

பதில்: கூடாது. தாய்லாந்தில் அது சட்டவிரோதம், கையில் வைத்திருந்து பிடிபட்டாலே அபராதமும் வழக்கும் வரலாம். வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.