கன்டெய்னருக்குள் மட்டும் கிட் ஏன் முரண்டு பிடிக்கிறது?

லினக்ஸ் ஹோஸ்டில் (உங்கள் கணினியில்) ஒழுங்காக ஓடும் ரெப்போவை (நிரல் கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் உள்ள கோப்புறை), டாக்கர் கன்டெய்னருக்குள் (அதே கணினியில் தனித்து ஓடும் சூழல்) மவுன்ட் செய்ததும் (இணைத்ததும்), அந்த வரலாற்றைக் கவனிக்கும் கிட் 'டூபியஸ் ஓனர்ஷிப்' (சந்தேகமான உரிமை) என்று மறுப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு கோப்பு யாருக்குச் சொந்தம் என்பதில் லினக்ஸ் பயனரின் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் (யூஐடி) பார்க்கும். உபுண்டுவில் முதல் பயனரின் யூஐடி 1000. கன்டெய்னருக்குள் நீங்கள் பெரும்பாலும் ரூட் (முழு அதிகாரம் உள்ள பயனர்), அதாவது 0. இன்னொருவருக்குச் சொந்தமான ரெப்போவை, 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 பதிப்பிலிருந்து கிட் நம்புவதில்லை.

கிட் நம்பவேண்டிய கோப்புறைகளைக் குறிக்கும் 'சேஃப்.டைரக்டரி' அமைப்பில் ரெப்போவின் பாதையைச் சேர்த்தால் பிழை போய்விடும். ஆனால் அது பாதித் தீர்வுதான். கன்டெய்னருக்கு உள்ளேயே கமிட் செய்தால் (மாற்றங்களைப் பதிவு செய்தால்) ரூட் பெயரில் கோப்புகள் விழும். தரமணியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அப்படித்தான் மாட்டினேன்: ஹோஸ்டில் புதிய மாற்றங்களை இழுக்க 'கிட் புல்' அடித்தால் 'பெர்மிஷன் டினைட்' (அனுமதி மறுப்பு). சூடோ போட்டு (ரூட் அதிகாரத்தோடு) கோப்புகளின் உரிமையை மாற்றிவிட்டு, ஓடிப்போய்ப் பறக்கும் ரயிலைப் பிடித்தேன்.

அப்புறம் கன்டெய்னரை '--யூசர் 1000:1000' என்று (ஹோஸ்டில் உள்ள என் பயனர், குழு எண்களோடு) ஓடவிட்டு, கமிட்டை ஹோஸ்டிலேயே செய்கிறேன். ரெப்போ சர்வரிடம் நம்மை அடையாளம் காட்டும் எஸ்எஸ்எச் சாவியை உள்ளே கொண்டுபோகும் தலைவலியும் இல்லை.