டிக்கெட் காசு போகட்டும், பிள்ளை முகத்தைப் பாருங்கள்

பள்ளி லீவு நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி தீம் பார்க் பற்றித்தான். ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவு, அதீத துறுதுறுப்பு) உள்ள பிள்ளைகளோடு வேலை செய்யும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நான். டாக்டர் இல்லை. அதனால் மாத்திரை பற்றிய கேள்வியை மட்டும் டாக்டர் பக்கம் தள்ளியிருக்கிறேன்.

மகனுக்கு 6 வயது, ஆட்டிசம், பேச்சு குறைவு. முதல் தடவையாக ஈ.சி.ஆர். பக்கம் ஒரு தீம் பார்க்குக்குப் போகிறோம். எப்படித் தயார்படுத்துவது?
*ஓர் அம்மா, செங்கல்பட்டு*

எல்லோரும் பிள்ளையை ரைடுக்குத் தயார்படுத்துகிறார்கள், வாசலை மறந்துவிடுகிறார்கள். என்னிடம் வந்த ஒரு பையன் யூடியூபில் பார்த்தே எந்தச் சறுக்கு என்ன நிறம் என்று மனப்பாடமாகச் சொல்வான். போன அன்று நுழைவாயிலில் அவன் மணிக்கட்டில் காகிதப் பட்டை ஒன்றை ஒட்டினார்கள். கழற்ற முடியாத, ஓரம் கீறுகிற, வியர்த்தால் தோலோடு ஒட்டிக்கொள்கிற பட்டை. அடுத்த முக்கால் மணி நேரம் குடும்பமே பார்க்கிங்கில் உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: ஒரு வாரம் முன்பே வீட்டில் காகிதப் பட்டை கட்டிப் பழக்குங்கள், முதல் நாள் 2 நிமிடம் போதும். அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், பை வாரில் கட்டிக்கொள்ளலாமா என்று கவுன்டரில் கேளுங்கள்.

அப்புறம், அன்றைக்கு எது அடுத்து எது என்று காட்டும் படங்கள். கார், வாசல், பையைத் திறந்து பார்ப்பது, உடம்பைத் தடவிச் சோதிப்பது, லாக்கர், ஒரு ரைடு, சாப்பாடு, இன்னொரு ரைடு, வீடு. கார்ட்டூன் வேண்டாம், நிஜப் போட்டோவாக இருக்கட்டும். ஒவ்வொன்றும் முடிய முடிய அவனே கிழித்துப் போடட்டும். கடைசிப் படம் 'வீடு' கட்டாயம் இருக்க வேண்டும். இது எப்போது முடியும் என்று தெரியாமல் நிற்பதுதான் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய பயம்.

நாள் என்றால், ஒரு நாள் லீவு போட்டாலும் பரவாயில்லை, செவ்வாய் அல்லது புதன். வார நாளிலும் ஒரு வில்லங்கம் உண்டு: ஸ்கூல் டூர். முந்தின நாள் போன் செய்து, "நாளைக்கு எத்தனை ஸ்கூல் பஸ் வருது?" என்று கேட்டுவிடுங்கள். ஒத்திகை வேண்டுமென்றால், சென்னை சாந்தோமில், சிறப்புக் குழந்தைகள் தொட்டு, பார்த்து, கேட்டுப் பழக மாநகராட்சி அமைத்த சென்சரி பூங்கா இருக்கிறது. மணல், ஊஞ்சல் எல்லாம் அங்கே பழகலாம்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இருக்கிறது. வரிசையில் முன்னால் விடுவார்களா?
*வாசகர், மதுரை*

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு. அதற்காக, ராட்டினத்துக்கு உங்களை முதலில் ஏற்ற வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்காது. அது பூங்காவின் விருப்பம். இரண்டு வாரம் முன்பே மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலை அச்செடுத்துக்கொண்டு போங்கள். ரைடு அருகே வெயிலில் நிற்கும் ஊழியரிடம் வாய் வார்த்தையாக விளக்குவதைவிட ஒரு தாள் நன்றாக வேலை செய்யும். வொண்டர்லா மாதிரி இடங்களில் வரிசையில் காத்திருப்பைக் குறைக்கும் ஃபாஸ்ட்டிராக் டிக்கெட் விற்கிறார்கள். விலை அதிகம்தான். ஆனால் ஐந்து ரைடு ஆசையை இரண்டாகக் குறைத்துக்கொண்டு இதை வாங்கினால் நஷ்டமில்லை. அதுவும் முடியாதென்றால், ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் பிள்ளையோடு நிழலில் இருந்து கடைசியில் சேர்ந்துகொள்ளலாம். பின்னால் நிற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சண்டை வராது.

நாங்கள் அமெரிக்காவில் இருக்கிறோம். டிஸ்னியில் 'டாஸ்' என்கிறார்களே, மகளுக்குக் கிடைக்குமா?
*ஓர் அப்பா, நியூ ஜெர்சி*

மாற்றுத்திறனாளிகளுக்காக டிஸ்னி பூங்காக்களில் 2013-இல் தொடங்கிய ஏற்பாடு அது. 2024-இல் விதியை இறுக்கினார்கள். ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாட்டால் வழக்கமான வரிசையில் நீண்ட நேரம் காத்திருக்க முடியாதவர்களுக்கு என்று இப்போது வரையறுத்திருக்கிறார்கள். வீடியோ அழைப்பில் பேசித்தான் முடிவு செய்வார்கள். நோயின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள், வரிசையில் நின்றால் மகளுக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்லுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: கிடைத்தாலும் காத்திருப்பு போகாது. குறித்துத் தரும் நேரம் வரை வரிசைக்கு வெளியே காத்திருப்பீர்கள், அவ்வளவுதான். அந்த நேரத்துக்கு என்ன விளையாட்டு என்று யோசித்துக்கொண்டு போங்கள்.

மகள் பருத்தி தவிர எதுவும் போடமாட்டாள். வாட்டர் ரைடில் நைலான் உடைதான் வேண்டுமாம்.
*வாசகி, கோவை*

தண்ணீர் விளையாட்டுகளில் பருத்தியைத் தடுப்பது பல பூங்காக்களில் விதி. அங்கே போய் வாடகை உடையை மாட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மூன்று வாரம் முன்பே ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, நாலைந்து தடவை துவைத்து, கழுத்து லேபிளை நூல்கூட மிஞ்சாமல் பிரித்தெடுங்கள். முதலில் கையில் பிடித்துப் பார்க்கட்டும், பிறகு குளிக்கும்போது போட்டுப் பழகட்டும். மடிப்புத் தையல் உறுத்தினால் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடுங்கள். பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். கடைசி வரை ஒத்துவரவில்லை என்றால் தண்ணீர்ப் பக்கமே போக வேண்டாம். மற்ற ராட்டினங்கள் இருக்கவே இருக்கின்றன.

பையன் கண் இமைக்கும் நேரத்தில் ஓடிவிடுவான். பயமாக இருக்கிறது.
*ஓர் அப்பா, சேலம்*

பயப்படத்தான் வேண்டும். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளைத் தண்ணீர் இழுக்கும், ஆழம் தெரியாது. அதனால் இந்த ஒரு விஷயத்தில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு பெரியவர், கைக்கு எட்டும் தூரத்தில். ஆள் மாறும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "இப்ப நீ பார்த்துக்கோ." "சரி" என்ற பதில் காதில் விழுந்த பிறகே நகர வேண்டும். பத்துப் பேர் கூடப் போனால் பத்திரம் என்று நினைக்கிறோம். மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஆளாளுக்கு நினைத்திருக்கும்போதுதான் பிள்ளை நழுவும்.

பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டை. கிளம்பும்போது அதே உடையில் ஒரு போட்டோ. முன்கையில் அழியாத மார்க்கரில் உங்கள் போன் எண். காணவில்லை என்றால் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு நிற்காதீர்கள். ஒருவர் முதலில் நீச்சல் குளத்துக்கு ஓட வேண்டும், இன்னொருவர் வாசலுக்கு. அலைக்குளத்தில் அலை எழும் முன் சைரன் அடிப்பார்கள். அந்தச் சத்தத்தில் மிரண்டு ஓடும் பிள்ளைகள் உண்டு. முதல் சைரனைத் தள்ளி நின்று, காதில் இயர்மஃப் (சத்தம் குறைக்கும் காது மூடி) மாட்டிக் கேட்கட்டும்.

தங்கை மகனுக்காக ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல் கொடுத்துப் போனோம். இரண்டு ரைடு முடிந்ததும் அவள் கிளம்பிவிட்டாள். அடம் பிடித்தால் பழக்க வேண்டாமா? வீண் செலவு இல்லையா?
*ஒரு பெரிய மாமா, திருநெல்வேலி*

மாமா, உங்கள் தங்கை சரியாகத்தான் செய்திருக்கிறார். அடம் பிடிக்கும் பிள்ளை பெரும்பாலும் நடுவில் ஓரக்கண்ணால் நம்மைப் பார்க்கும், கேட்டது கிடைத்ததும் அழுகை நிற்கும். மெல்ட்டவுன் அப்படியில்லை. சத்தமும் வெளிச்சமும் நெரிசலும் தாங்கும் அளவுக்கு மேல் போனதால் வருவது அது. அப்போது ஐஸ்கிரீமை நீட்டினாலும் பிள்ளை கண்ணில் படாது.

வருவதற்கு முன்பே அறிகுறி தெரியும். சிரித்துக்கொண்டிருந்தவன் அமைதியாகிவிடுவான், அல்லது ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வான், குதிகால் தரையில் படாமல் நடப்பான், கை காதுக்குப் போகும். அம்மாவுக்குத்தான் அது முதலில் புரியும். அப்போதே கிளம்பினால் பிள்ளைக்கு நல்ல நாளாக நினைவில் இருக்கும், அடுத்த முறை வருவான். கொடுத்த காசை வசூல் பண்ண வேண்டும் என்று மாலை வரை இழுத்தடித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பார்க் என்ற சொல்லைக் கேட்டாலே கட்டிலுக்கடியில் போய் ஒளிகிறான் ஒரு பையன். டிக்கெட் காசு வாசலிலேயே போய்விட்டது மாமா. அதை மறந்துவிடுங்கள்.

மகளுக்கு 11 வயது, ஏ.டி.எச்.டி. லீவு நாளில் மாத்திரையை நிறுத்தலாமா?
*வாசகி, வேலூர்*

உங்கள் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். சில மாத்திரைகள் பசியைக் குறைக்கும் என்பதால் காலையில் வயிறு நிறையச் சாப்பிட வையுங்கள். வெயிலில் தண்ணீரை நீங்களே நேரம் பார்த்துக் கொடுங்கள். வலிப்பும் உண்டென்றால், மின்னும் விளக்குள்ள இருட்டு ரைடுகளைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகனுக்கு 13 வயது, தனியாக உடை மாற்றத் தெரியாது. நான் மட்டும்தான் கூட்டிப் போகிறேன்.
*ஓர் அம்மா, தஞ்சாவூர்*

போன் செய்யும்போதே, குடும்பமாகவோ சக்கர நாற்காலியோடோ உள்ளே போகும் பெரிய உடை மாற்றும் அறை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் போனதும் முதலில் அது எங்கே என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கை உலர்த்தும் மெஷின் இருந்தால் கிட்டே போக விடாதீர்கள், கை பட்டதும் அலறும். பையில் ஒரு கைத்துண்டு போதும்.