விதைக்குள் (விரைக்குள்) வேலை செய்யும் பெப்டைட் ஊசியை வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. நிலாவெளியிலிருந்து இரவுக் கடலுக்குப் போகிறவன். திருமணமாகி இரண்டு வருடங்கள் ஆகியும் குழந்தை இல்லை. எந்நேரமும் சோர்வாக இருப்பதால், திருகோணமலை நகரிலுள்ள ஓர் ஆய்வுகூடத்தில் ஒரு நாள் பிற்பகல் இரத்தம் கொடுத்தேன். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்ஓமோன் டெசிலீற்றருக்கு 270 நனோகிராம் என்று வந்தது. 'விதைக்குள் நேரடியாக வேலை செய்யும் பெப்டைட்' (சிறு புரதத் துண்டு) என்று இணையத்தில் விற்கும் ஊசியை வாங்கும்படி நண்பர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அது கிடைக்கவில்லை என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசிக்கும் போய்விடாதீர்கள். குழந்தை வேண்டும் என்று நினைப்பவருக்கு அது இன்னும் பெரிய கெடுதி.

விளம்பரம் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதனால்தான் பலரும் நம்பிவிடுகிறார்கள். விதை, மேலிருந்து வரும் கட்டளைக்கு மட்டும் கீழ்ப்படியும் உறுப்பு அல்ல. மூளையின் பரிவகக்கீழ் பகுதி, பத்து அமினோ அமிலங்களால் ஆன ஜி.என்.ஆர்.எச். என்ற சிறு பெப்டைட்டை விட்டுவிட்டுச் சுரக்கிறது. அதனால் தூண்டப்படும் கபச்சுரப்பி, எல்.எச்., எப்.எஸ்.எச். என்ற இரு ஓமோன்களைக் குருதியில் அனுப்புகிறது. எல்.எச். வந்து சேர்ந்ததும் விதையிலுள்ள லீடிக் கலங்கள் கொலஸ்திரோலை, கலத்தின் சக்திக்கூடமான இழைமணிக்குள் எடுத்துச்சென்று, படிப்படியாக டெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகின்றன. எப்.எஸ்.எச். போவது, விந்தணுக்களைப் பேணி வளர்க்கும் செர்டோலி கலங்களுக்கு. பள்ளிக்கூடப் பாடம் பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடும்.

கரைவலை இழுக்கும்போது சம்மாட்டியார் குரல் கொடுப்பார். ஆனால் இரு பக்கக் கயிற்றைப் பிடித்தவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்து இழுப்பைக் கூட்டிக் குறைத்தால்தான் வலை நேராகக் கரையேறும். விதைக்குள்ளும் அப்படித்தான். செர்டோலி கலங்கள் சுரக்கும் இன்ஹிபின் என்ற புரதம், குருதி வழியே கபச்சுரப்பிக்குப் போய் எப்.எஸ்.எச். சுரப்பைக் குறைக்கிறது. ஆய்வுகூடத்தில் வளர்த்த எலி விதைக் கலங்களில் அதே இன்ஹிபின், எல்.எச். தூண்டும் ஆண்ஓமோன் உற்பத்தியைக் கூட்டியது. அதன் உறவுப் புரதமான அக்டிவின் குறைத்தது. ஐ.ஜி.எப்-1 என்ற வளர்ச்சிக் காரணி, லீடிக் கலங்கள் எல்.எச்.சுக்குக் காட்டும் துலங்கலைக் கூட்டுகிறது. வாசோபிரசின் என்ற பெப்டைட் ஓமோன் அதைத் தாழ்த்துகிறது. லீடிக் கலங்களே பீட்டா எண்டோர்பின் என்ற பெப்டைட்டைச் சுரந்து, பக்கத்திலுள்ள செர்டோலி கலங்களை அடக்கி வைக்கின்றன. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த பகுதி இதுதான்: ஒரே உறுப்புக்குள் முடுக்குவதும் தடுப்பதும் பக்கத்துப் பக்கத்திலேயே நடக்கின்றன.

ஆனால் இவற்றில் பல அந்தந்த இடத்தில் மிகச் சிறிய அளவில் சுரந்து, வேலை முடிந்ததும் சிதைந்துவிடுபவை. தோலுக்குக் கீழே ஊசியாகப் போட்டால் மருந்து விதைக்கு மட்டும் போவதில்லை, உடல் முழுவதும் பரவுகிறது. அதோடு, இந்த அறிவின் பெரும்பகுதி எலிகளிலிருந்து வந்தது. எலியின் லீடிக் கலங்களில் ஜி.என்.ஆர்.எச்.ஐப் பிடித்துக்கொள்ளும் தெளிவான ஏற்பிகள் உண்டு. மனித விதையில் அது அதே அளவுக்கு நிறுவப்படவில்லை.

எப்போது, எவ்வளவு நேரம் என்பதுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 1971இல் கட்டமைப்பு கண்டறியப்பட்ட ஜி.என்.ஆர்.எச்.ஐயே பாருங்கள். விட்டுவிட்டு வந்தால் விதையை இயக்குகிறது. அதைப் போன்ற, நீண்ட நேரம் நிலைக்கும் மருந்தைத் தொடர்ந்து கொடுத்தால் முதலில் சில நாட்கள் டெஸ்டோஸ்டிரோன் ஏறி, பிறகு அடியோடு விழுந்துவிடும். முன்னிற்கும் சுரப்பிப் (புரொஸ்டேட்) புற்றுநோயில் வைத்தியர்கள் வேண்டுமென்றே செய்வது இதைத்தான். இப்படிப்பட்ட ஒன்றை, கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் குளிரூட்டாத பொதியில் வந்த குப்பியிலிருந்து, அளவும் தூய்மையும் தெரியாமல் உடலில் ஏற்றுவதை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

இனி டெஸ்டோஸ்டிரோன் ஊசி. விதைக்குள் உள்ள டெஸ்டோஸ்டிரோன் செறிவு குருதியில் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம். விந்தணு உருவாக அந்தச் செறிவு தேவை. ஊசியால் குருதியில் அளவு கூடியதும் மூளை எல்.எச்.ஐ நிறுத்திவிடும். அறிக்கையில் எண் அழகாக ஏறும், விதைக்குள் வறட்சி வந்துவிடும். உலக சுகாதார அமைப்பு வாரம் 200 மில்லிகிராம் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகச் சோதித்து, 1990இல் முடிவை வெளியிட்டது. பெரும்பாலானோரின் விந்தில் விந்தணுவே இல்லாமற்போனது. நிறுத்திய பின் திரும்பி வரப் பல மாதங்கள் பிடிக்கும். உடற்பயிற்சி நிலையத்தில் ஏற்கெனவே ஏதாவது ஊசி போட்டிருந்தால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

உங்கள் 270 என்ற எண்ணை நான் இன்னும் நம்பவில்லை. பல வழிகாட்டிகள் 300ஐக் கீழ் எல்லையாக வைத்திருப்பது, காலையில் வெறும் வயிற்றோடு எடுத்த குருதிக்கு. டெஸ்டோஸ்டிரோன் தூக்கத்தில் ஏறி, விழிக்கும் நேரத்தில் உச்சத்தில் நிற்கும். சாப்பாட்டுக்குப் பின் குறையும். விடிய விடியக் கடலில் நின்றுவிட்டுப் பிற்பகலில் இரத்தம் கொடுத்தவருக்கு எண் தாழ்வாக வருவதில் வியப்பில்லை. கடலுக்குப் போகாமல் சில இரவுகள் வீட்டில் ஒழுங்காகத் தூங்கி, காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், சாப்பிடாமல், வெவ்வேறு இரு நாட்களில் மீண்டும் சோதியுங்கள். தொழிலை விட முடியாவிட்டால், பகலில் நன்றாகத் தூங்கி எழுந்தவுடன் கொடுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறையும் குறைவாக வந்தால் எல்.எச்., எப்.எஸ்.எச்., கபச்சுரப்பியின் இன்னொரு ஓமோனான புரோலக்டின் மூன்றையும் பார்க்க வேண்டும். எல்.எச். உயர்ந்திருந்தால் கோளாறு விதையில். டெஸ்டோஸ்டிரோன் குறைந்தும் எல்.எச். ஏறாமல் இருந்தால் கோளாறு மேலே மூளையில் அல்லது கபச்சுரப்பியில், அல்லது பருமன், நீரிழிவு, தூக்கக் குறைவு போன்றவற்றில். கபச்சுரப்பிதான் பழுது என்றால், எல்.எச். போல வேலை செய்யும் எச்.சி.ஜி. ஊசியை வைத்தியர் கண்காணிப்பில் கொடுத்து விந்தணு உற்பத்தியைத் தொடங்கவைக்க முடியும். விதையைத் தூண்டும் முறையான சிகிச்சை இப்படிப்பட்டதுதான்.

எண் எப்படி வந்தாலும் விந்துப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். 2 முதல் 7 நாட்கள் விந்து வெளியேறாமல் இருந்துவிட்டு மாதிரி கொடுக்க வேண்டும். விந்தணு முதிர்ந்து வெளிவர ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் பிடிக்கும் என்பதால், இன்று செய்யும் மாற்றத்தின் பலனை மூன்று மாதங்களுக்கு முன் எதிர்பார்க்க வேண்டாம். புகைப்பதை உடனே நிறுத்துங்கள்.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் கிளினிக்குக்குப் போனால் ஊரார் கண்ணில் படுமே என்ற தயக்கம் பலருக்கு உண்டு. அப்படியென்றால் வேறு ஊரில் ஒரு வைத்தியரைப் பாருங்கள், ஆனால் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு வருடம் முயன்றும் கரு தங்கவில்லை என்றால் இருவரையும் ஒரே நேரத்தில் பரிசோதிப்பதுதான் முறை. நண்பர் அந்தக் குப்பியை ஏற்கெனவே வாங்கித் தந்திருந்தால் அதையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.