லீக் இறங்கினாலும் சம்பளம் இறங்காது: வாசகர் கேள்வி-பதில்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஆடிட் பார்ப்பது தொழில்; சனி, ஞாயிறு ராத்திரி கண்விழித்து இங்கிலாந்துக் கால்பந்து பார்ப்பது கெட்ட பழக்கம். இரண்டையும் முடிச்சுப் போட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறோமுங்க. வெங்கீஸ் கம்பெனிக்காரர்கள் இங்கிலாந்தில் ஃபுட்பால் டீம் வாங்கி வருஷா வருஷம் பணத்தை விடுகிறார்கள் என்கிறான் பையன். நிஜமாங்களா? விற்றுவிட்டு வர வேண்டியதுதானே?
– பல்லடம் வாசகர்

நிஜம்தானுங்க. நாமக்கல் முட்டை விலை என்றதும் காதில் விழுகிற என்இசிசி இருக்கிறதே, அதை உருவாக்கிய பி.வி.ராவ் தொடங்கிய குழுமம்தான் அது. அவர் பிள்ளைகள் 2010 நவம்பரில் பிளாக்பர்ன் ரோவர்ஸை சுமார் 2.3 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கையே 1995-ல் ஜெயித்த கிளப். 2012 மே மாதம், சொந்த மைதானத்தில் விகன் அணியுடன் ஆட்டம். ரசிகர் ஒருவர் ஒரு கோழிக்குக் கிளப் கொடியைப் போர்த்தி மைதானத்துக்குள் விட்டுவிட்டார். முதலாளிக்குச் சொன்ன சேதி அது. கோழி புல்லில் அலைந்தது. டீம் 0-1 என்று தோற்று, கடைசி இடங்களில் முடிப்பவர் கீழே போக வேண்டும் என்ற விதிப்படி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

வாங்கிய விலை பெரிதல்ல. அப்புறம் கொட்டியதுதான் பெரிது. இறங்கிய அதே கோடையில் ஜோர்டன் ரோட்ஸ் என்ற ஸ்ட்ரைக்கருக்கு மட்டும் 80 லட்சம் பவுண்டு. ஒரே வருஷத்தில் மேலே ஏறிவிடலாம் என்ற கணக்கு. ஏறவில்லை. ஹென்னிங் பெர்க் என்ற மேனேஜரை 57 நாளில் அனுப்பினார்கள். கோர்ட்டுக்குப் போய் அவர் வாங்கிய நஷ்டஈடு 22.5 லட்சம் பவுண்டு. 2017-ல் மூன்றாம் டிவிஷனுக்கே போய், மறு வருஷம் இரண்டாவதுக்குத் திரும்பினார்கள். ஒரு பேட்ச் அடிபட்டால் அடுத்த பேட்சில் எடுத்துவிடலாம் என்று கடன் வாங்கிக் குஞ்சு இறக்குவோமே, அதே மனசு.

விற்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டாம் டிவிஷனில் பெரும்பாலான கிளப்புகளுக்கு முதலாளி பணம் போடாமல் மாசம் ஓடாது. வாங்க வருகிறவர் அந்த வருஷாந்திர நஷ்டத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். அதனால் பழைய முதலாளி இதுவரை போட்ட காசுக்கு ஒரு பைசா மதிப்புப் போட மாட்டார். விற்கிற அன்றைக்கு நஷ்டம் முழுவதையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். எந்த முதலாளிக்கு அது சுலபம்? போதாததற்கு, அமலாக்கத்துறை விசாரணையால் இங்கிருந்து கிளப்புக்குப் பணம் அனுப்பவே தில்லி உயர் நீதிமன்றத்தில் அனுமதி கேட்கும் நிலையும் வந்தது.

‘பாராசூட் பணம்’ என்கிறார்களே, இறங்கியதற்குப் பரிசா?
– பெருந்துறை வாசகர்

கிட்டத்தட்ட அப்படித்தான். பிரீமியர் லீக் கிளப்புகள் டிவி பணத்தில் சமமாகப் பிரித்துக்கொள்ளும் பங்கு ஒன்று உண்டு. இறங்கிய கிளப்புக்கு அதில் முதல் வருஷம் 55%, அடுத்தது 45%, மூன்றாவது 20% தருவார்கள். மேலே ஒரே சீசன்தான் இருந்தது என்றால் மூன்றாம் வருஷப் பணம் கிடையாது. நடுவில் மறுபடி ஏறிவிட்டாலும் நின்றுவிடும். மேலே கடைசி இடத்தில் முடித்தவருக்கே பத்துக் கோடி பவுண்டுக்குக் குறையாமல் வந்துகொண்டிருந்த இடத்தில், திடீரென்று பாதிக்கும் கீழே. மற்ற இரண்டாம் டிவிஷன்காரர்கள் இதையே அநியாயம் என்கிறார்கள், அவர்களுக்கு அதுவும் இல்லையே.

வருமானம் குறைந்தால் சம்பளத்தைக் குறைக்க வேண்டியதுதானே?
– ஈரோடு வாசகர்

ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் குறைக்கலாம். புத்திசாலி கிளப்புகள் ‘இறங்கினால் இத்தனை சதவீதம் வெட்டு’ என்று முன்கூட்டியே எழுதி வாங்கும். சண்டர்லாந்து கிளப், ஜாக் ராட்வெல் என்ற ஆட்டக்காரர் விஷயத்தில் எழுதவில்லை. வாரம் 70,000 பவுண்டு. 2017-ல் டீம் இறங்கியது. அந்தத் தொகை இறங்கவில்லை. மறு வருஷம் டீம் மூன்றாம் டிவிஷனுக்கே போன பிறகுதான் பேசி முடித்து அனுப்பினார்கள். ஆட்டக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. கையெழுத்துப் போட்ட ஆபீஸ்காரர் யார் என்றுதான் தேடத் தோன்றியது.

கடன் வாங்கி ஜெயித்தால் தப்பா? நாங்களும் பேக்கிங் கிரெடிட்டில்தானுங்களே ஓட்டுகிறோம்?
– அவிநாசி வாசகர்

உங்களுக்கு பையர் ஆர்டர் கையில் இருக்கிறது, அதை வைத்து பேங்க் கொடுக்கிறது. லீட்ஸ் யுனைடெட் வராத ஆர்டருக்குக் கடன் வாங்கியது. வருஷா வருஷம் ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடுவோம் என்ற நம்பிக்கையில், வரப்போகும் டிக்கெட் வசூலைக் காட்டி 6 கோடி பவுண்டு. 2001-ல் அரையிறுதி வரைக்கும் போனார்கள். அப்புறம் அந்தப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. ரியோ ஃபெர்டினாண்ட் என்ற ஆட்டக்காரரை 1.8 கோடிக்கு வாங்கி, 2002-ல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றார்கள். லாபம்தான், ஆனால் கடனுக்குக் காணவில்லை. 2004-ல் இறக்கம், 2007-ல் மூன்றாம் டிவிஷன். மறுபடி பிரீமியர் லீக்கைப் பார்க்க 2020 ஆனது. சேர்மன் ரூமில் தங்கமீன் தொட்டி வைக்கவும் வாடகை கட்டினார்கள் என்பது வெளியே வந்தபோது ஊரே சிரித்தது. அந்த வாடகை ஒன்றுமில்லாத காசு. ஆனால் நஷ்டக் கம்பெனியின் வவுச்சர் ஃபைலைப் புரட்டும்போது இந்த மாதிரி பில்தான் முதலில் என் கண்ணில் படும்.

முதலாளி பெரும் பணக்காரர் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாமா?
– கரூர் வாசகர்

முடியாது. மூன்று வருஷ நஷ்டத்துக்கு உச்சவரம்பு உண்டு: பிரீமியர் லீக்கில் 2025-26 சீசன் வரை 10.5 கோடி பவுண்டு, இரண்டாம் டிவிஷனில் 3.9 கோடி. அப்போது இறங்கியவருக்கு வரம்பும் சேர்ந்து சுருங்கியது. டார்பி கவுண்டி முதலாளி 2018-ல் மைதானத்தைத் தன்னுடைய இன்னொரு கம்பெனிக்கே 8 கோடிக்கு மேல் விற்று, அந்த வருஷத்தை லாபமாகக் காட்டினார். பில்டிங்கை மனைவி பேருக்கு மாற்றி வாடகை எழுதுகிற கணக்கு உங்கள் ஊரிலும் எங்கள் ஊரிலும் இருக்கிறதே, அதன் அண்ணன். 2021 செப்டம்பரில் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது. அதற்கு 12 புள்ளி, பழைய கணக்கு விதிமீறலுக்கு 9 புள்ளி, மொத்தம் 21 பறிபோய், அந்த சீசனிலேயே மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கினார்கள்.

இந்தக் கணக்குகளை நாமே பார்க்க முடியுமா?
– கோவை கல்லூரி மாணவர்

தாராளமாக. இங்கிலாந்துக் கம்பெனிப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் கிளப் பெயரைப் போட்டால் பேலன்ஸ் ஷீட் இலவசமாக வரும். சம்பளத்தை வருமானத்தால் வகுத்துப் பாருங்கள், பிறகு பின்பக்கக் குறிப்புகளில் முதலாளி கொடுத்த கடனைத் தேடுங்கள். நம்ம கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் இதே வேலைக்கு ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய் கட்ட வேண்டும்.