இரவல் அசெட்களுக்குக் கணக்கு வைப்பது எப்படி?

வாசகர் கேள்வி: நாங்கள் சிலர் சேர்ந்து ஸ்கைரிம் கேமுக்கு ஒரு பெரிய மாட் (கேமில் ரசிகர்கள் செய்து சேர்க்கும் மாற்றம்) செய்கிறோம். வாள், கவசம், மேசை நாற்காலி, சத்தம் என்று பல அசெட்களை, அதாவது கேமில் பயன்படும் ஃபைல்களை, பிறருடைய மாட்களிலிருந்தும் இலவசத் தளங்களிலிருந்தும் எடுத்திருக்கிறோம். எடுத்தவர்களில் சிலர் குழுவை விட்டுப் போய்விட்டார்கள். எது யாருடையது என்று இப்போது எங்களுக்கே தெரியவில்லை. வெளியிடுவதற்கு முன் எப்படிச் சரிசெய்வது? எல்லாருக்கும் கிரெடிட் போட்டுவிட்டால் போதாதா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போதாது. கிரெடிட் போடுவது நன்றி, அவ்வளவுதான். அது அனுமதி ஆகாது. பெர்ன் என்ற சர்வதேசப் பதிப்புரிமை உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் ஒரு படைப்பு உருவானதுமே பதிப்புரிமையும் வந்துவிடுகிறது, எங்கேயும் பதிய வேண்டியதில்லை. ஆகவே ஒரு மாட் பக்கத்தில் லைசென்ஸ் பற்றி எதுவுமே எழுதவில்லை என்றால், கேட்காமல் எடுத்து மறுபடி வெளியிடக் கூடாது என்றுதான் கொள்ள வேண்டும்.

இனி கணக்குக்கு வருவோம். பெரும்பாலான குழுக்கள் மாட் வாரியாகப் பட்டியல் போடுகின்றன: 'இன்ன மாட்டிலிருந்து சில பொருட்கள், நன்றி.' எந்தச் சில பொருட்கள்? ஆறு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது. கணக்கு ஃபைல் வாரியாக இருக்க வேண்டும். சாதாரண ஸ்ப்ரெட்ஷீட் போதும். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு வரி: உங்கள் ஃபோல்டரில் அது இருக்கும் இடம், மூலப் பெயர், படைத்தவர், எடுத்த பக்கத்தின் முகவரி, பதிப்பு எண், எடுத்த தேதி, என்ன லைசென்ஸ், அதற்குச் சான்று எங்கே இருக்கிறது, நீங்கள் என்ன மாற்றினீர்கள். முடிந்தால் மூல ஃபைலின் எஸ்ஹெச்ஏ-256 ஹாஷையும் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு) சேர்த்துவிடுங்கள். யாராவது பெயரை மாற்றி வேறு ஃபோல்டரில் போட்டாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். ஒன்று மட்டும்: ஃபைலைத் திறந்து மறுபடி சேமித்தால் ஹாஷ் மாறிவிடும்.

தேதியும் சான்றும் எதற்கு என்று தோன்றலாம். மாட்களைப் பகிரும் நெக்ஸஸ் மாட்ஸ் தளத்தின் பக்கங்களில் உள்ள அனுமதிப் பகுதியை மாட் ஆசிரியர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். நீங்கள் எடுத்த அன்று என்ன எழுதியிருந்தது என்பதற்கு ஸ்கிரீன்ஷாட்தான் கைவசம் இருக்கும் சாட்சி. கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்கள் (படைத்தவர் எல்லாருக்கும் முன்கூட்டியே அனுமதி தரும் பொது லைசென்ஸ்கள்) இதில் நல்லவை. விதிகளை மீறாதவரை, கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் அந்த ஃபைல் அன்று அந்த லைசென்ஸில்தான் இருந்தது என்று நீங்கள் காட்ட வேண்டுமே! டிஸ்கார்ட் அரட்டையில் 'சரி, எடுத்துக்கோங்க' என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் படமாகச் சேமித்து வையுங்கள். சர்வர் மூடினால் பேச்சும் போய்விடும்.

சரி, ஏற்கெனவே கலந்து கிடப்பவற்றை என்ன செய்வது? மெஷ்களிலிருந்து, அதாவது பொருட்களின் முப்பரிமாண வடிவங்களிலிருந்து, தொடங்குங்கள். மெஷ் இருக்கும் நிஃப் ஃபைலை நிஃப்ஸ்கோப் என்ற கருவியில் திறந்து, அதிலுள்ள டெக்ஸ்சர் (வடிவத்தின் மேல் போர்த்தும் படம்) பட்டியலைப் பாருங்கள். எந்த ஃபோல்டரிலிருந்து எந்தப் படத்தை எடுக்க வேண்டும் என்ற பாதை அங்கே எழுத்தாகவே இருக்கும். பல ஆசிரியர்கள் தங்கள் பெயரிலோ மாட் பெயரிலோ ஃபோல்டர் வைப்பது வழக்கம், ஆகவே பாதையைப் படித்தாலே பாதிக் கதை வெளியே வந்துவிடும். வாளின் மெஷ் ஒருவருடையது, அதன் டெக்ஸ்சர் வேறொருவருடையது என்பதும் இப்படித்தான் தெரியவரும். யாருடையது என்று சந்தேகம் வந்ததும், அந்த மாட்டை இறக்கி, ஃபைல்களைக் கட்டி வைத்திருக்கும் பிஎஸ்ஏ தொகுப்பைப் பிரித்து, ஹாஷ்களை ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: அனுமதி கொடுத்தவர் உண்மையில் உரிமை உள்ளவரா? தன்னிடம் இல்லாததை ஒருவர் கொடுக்க முடியாது. சில அசெட்கள் பிறருடையவை என்று மாட் பக்கத்தின் அனுமதிப் பகுதியிலேயே சொல்லியிருந்தால், அந்தப் பிறரைத் தேடிப் போவது உங்கள் வேலை. இன்னொரு வணிக கேமிலிருந்து உருவி எடுத்த மாடல் என்றால் யோசிக்கவே வேண்டாம், தூக்கிவிடுங்கள். ஒரே நிறுவனத்தின் கேம் என்றாலும் இதே கதைதான். ஸ்கைரிமை வெளியிட்ட பெதஸ்டாவின் பழைய கேமான ஆப்லிவியனை ஸ்கைரிம் எஞ்சினில் மறுபடி கட்டும் ஸ்கைப்லிவியன் குழு பழைய அசெட்களை அப்படியே கொண்டுவராமல் புதிதாகச் செய்வது இதனால்தான்.

கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ் எழுத்துகளில் 'பிஒய்' என்றால் பெயர் சொல்ல வேண்டும், மாற்றம் செய்திருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும். 'எஸ்ஏ' என்றால் மாற்றியதையும் அதே லைசென்ஸில் வெளியிட வேண்டும். 'என்சி' வணிகப் பயன்பாட்டைத் தடுக்கிறது. 'என்டி' இருந்தால் மாற்றியதை வெளியிட முடியாது. வாளுக்கு நிறம் மாற்றினாலும் சிக்கல்தான். ஃபைல் வடிவத்தை மட்டும் மாற்றுவதை 4.0 பதிப்பு அனுமதிக்கிறது.

இலவச மாட்டுக்குக் கொடுத்த அனுமதி காசு வாங்கும் மாட்டுக்குச் செல்லும் என்று நினைக்க வேண்டாம். 2015 ஏப்ரலில் கேம் விற்கும் தளமான ஸ்டீமின் வொர்க்‌ஷாப்பில் ஸ்கைரிம் மாட்களை விலைக்கு விற்கும் திட்டம் வந்தபோது, ஒரு மீன்பிடி மாட் வேறொருவரின் அனிமேஷன் வேலையைச் சார்ந்திருந்ததால் சர்ச்சையாகி விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. சில நாட்களில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது வேறு விஷயம். நெக்ஸஸிலும் டொனேஷன் பாயின்ட்டுக்கு (மாட் ஆசிரியருக்குத் தளம் தரும் வெகுமதிப் புள்ளி) தனி அனுமதி வரி இருக்கிறது, அதையும் பாருங்கள்.

ஆசிரியரைப் பிடிக்கவே முடியவில்லை என்றால்? மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'நான் காணாமல் போனால் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று அவரே எழுதி வைத்திருந்தால் ஒழிய, அந்த ஃபைல் உங்கள் பேக்கேஜில் இருக்கக் கூடாது. ஆனால் அதைப் பயன்படுத்தவே முடியாது என்றில்லை. மூல மாட் இன்னும் டவுன்லோடுக்குக் கிடைக்கிறதென்றால், அதைத் தேவையான மாட் என்று அறிவித்து, ஆட்டக்காரர்களையே நிறுவிக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் மாட் அந்த ஃபைலின் பாதையை மட்டும் குறிப்பிட்டால் போதும். என்னைக் கேட்டால், அனுமதி கிடைத்த இடத்தில்கூடப் பெரிய அசெட் பேக்குகளுக்கு இதுதான் சுத்தமான வழி. மூலத்தில் பிழை திருத்தினால் உங்களுக்கும் வந்து சேரும்.

அனுமதி கேட்கும்போது 'உங்கள் மாட்டைப் பயன்படுத்தலாமா?' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். இப்படிக் கேளுங்கள்: 'உங்கள் மாட்டிலிருந்து இந்த மூன்று மெஷ்களையும் அவற்றின் டெக்ஸ்சர்களையும் எங்கள் மாட்டில் சேர்க்க விரும்புகிறோம். நிறத்தை மாற்றுவோம். நெக்ஸஸிலும் கன்சோல்களுக்காக பெதஸ்டா தளத்திலும் வெளியிடுவோம். டொனேஷன் பாயின்ட் வாங்க மாட்டோம். பின்னால் வேறொருவர் எங்கள் மாட்டைத் தொடர்ந்தால் இந்த அனுமதி அவருக்கும் செல்லுமா? இவை முழுக்க உங்கள் சொந்த வேலையா?' பலர் கேட்க மறப்பது கடைசி இரண்டு கேள்விகளைத்தான். பதில் வந்த அன்றே ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றிவிடுங்கள்.